ஓரத்து மிளகு

தை 20, செவ்வாய்

மூடுபனி. நண்பகலிலேயே விளக்கெரித்து ஏறிய பேருந்து. வளைவுக்கு வளைவு வயிறு புரண்டது. பின்னிருக்கைப் பெண்மணி ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, "மோந்துக்கிட்டே வாங்க சாமி, செரியாப் போயிரும்" என்றார். சரியாகவில்லை. ஆயினும் அவருக்கு நன்றி.

ஆயர் இல்லத்தில் விருந்தினர் அறை. கட்டில், கம்பளி, கால் ஆடும் மேசை. சாளரத்தைத் திறந்தால் திருச்சபையின் மிளகுத் தோட்டம். நெடிய மரங்கள் வரிசை வரிசையாக. ஒவ்வொன்றையும் தழுவி ஏறிய கொடி. பறிப்பு நடக்கிறது.

தொண்டை: நலமில்லை. மருத்துவர் கூறியது, சில கிழமைகள் வாய் திறவாதீர். நான் ஒப்புக்கொண்டிருப்பது, ஞாயிறன்று அறுப்பின் பண்டிகை உரை. உரை முடிந்ததும் ஏலம். இரண்டையும் ஒரே வாய் செய்வது இங்கு வழக்கமாம். தத்தம் தோட்டத்தில் விளைந்தவற்றுள் நல்லதை மக்கள் கோவிலுக்குக் கொணர்ந்து படைப்பர். வழிபாடு முடிந்தபின் அவற்றை முற்றத்தில் வைத்துக் கூவி விற்பர். பேசியவரே கூவினால் விலை ஏறும் என்பது திருச்சபைக் குழுவினர் கணிப்பு. நாற்பதாண்டு மேடை வாழ்வு. இறுதியில் பலாப்பழம் விற்கும் குரல்.

ஆயர் பெயர் அருள்நேசன். இளைஞர், மெலிந்தவர். மனைவி மலைக்குக் கீழே பள்ளி ஆசிரியை. பள்ளி விடுமுறைக்குத்தான் வருவாராம். ஒரு சொற்றொடரை முடிப்பதற்குள் மும்முறை பின்வாங்குகிறார். "ஐயா... ராத்திரிக்கு... தோசைதாங்க... உங்களுக்கு ஆகுமுங்களா?" இவர் எவ்வாறு மறையுரை நிகழ்த்துகிறார் என்பது வியப்பு.

களைப்பு. படுக்கிறேன்.

தை 21, அறிவன்

குளிர். காலுறை கொண்டுவராதது பிழை.

வாங்க வேண்டியவை: அதிமதுரம், பனங்கற்கண்டு, கம்பளிக் காலுறை. கடையில் 'குளம்பி ஒன்று' என்றேன். "அது தீந்துபோச்சுங்க, காபி வேணாப் போடறேன்" என்றார் கடைக்காரர். வாதிட வலிமை இல்லை. குடித்தேன். நன்றாகவே இருந்தது.

காலையில் தோட்டத்துள் சிறிது நடை. ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று ஆண்கள் மிளகு பறிக்கின்றனர். அவர்கள் பறித்து முடித்து நகர்ந்த மரத்தடியில் ஒரு பெண். குந்தியபடி சருகை விலக்கி, உதிர்ந்த மிளகைப் பொறுக்கி முறத்தில் இடுகிறார். நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம பேச வந்த ஐயா நீங்கதானுங்களா?"

"ஆம் அம்மா."

"சனம் கேட்டா எந்திரிச்சு நிக்குமாமே உங்க சத்தத்துக்கு. இப்பப் பேசறது எனக்கே கேக்கலயே."

தொண்டை கட்டியிருப்பதைச் சொன்னேன்.

"மொளகுக் காட்டுக்குள்ள நின்னுக்கிட்டுத் தொண்ட கட்டிக்கிச்சுங்கறீங்க. இந்தாங்க, நாலு வாயில போடுங்க."

போட்டேன். கண்ணில் நீர். அவர் சிரித்துவிட்டார்.

பெயர் ராசம்மா. திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். காட்டுப் பாதையில் நடந்து வருகிறார். கணவர் பொன்னன் இதே தோட்டத்தில் பறிப்பாளராக இருந்தவர். சில விளைச்சலுக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது கோலூன்றி வீட்டைச் சுற்றி நடப்பதோடு சரி. அன்றிருந்த ஆயர், கீழே விழும் மிளகெல்லாம் இனி ராசம்மாவுக்கே என்று சொல்லியிருக்கிறார்.

"உழுந்தவனுக்கு உழுந்ததுன்னு எங்கூட்டுக்காரரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அதுல உப்புப் புளி ஓடுதுங்க. ஆடி மழ வரைக்கும் கையில நாலு காசு இருக்கும்." சருகை ஒதுக்கியபடியே சொன்னார்: "இந்த வெளச்சலோட அதுவும் செரிங்க."

"ஏன்?"

"வேலி போடறாங்க இல்லீங்களா. சுத்திக் கல்லுத்தூணு, கம்பி, கேட்டு, பூட்டு. செயலாளரு உங்களுக்குச் சொல்லலீங்களா?"

சொல்லவில்லை.

தை 22, வியாழன்

பனி விலகி வெயில். தொண்டை அதே நிலை.

குழுச் செயலாளர் தங்கதுரை வந்தார். செம்மேட்டுக் கடைத்தெருவில் இரும்புக்கடை. பருத்த உடல், வெள்ளை உள்ளம். என் தொண்டைக்கென மலைத்தேன் கொண்டுவந்திருந்தார். தீயவர் என்று எழுதினால் எனக்கு எளிதாக இருக்கும். தீயவரல்லர்.

வேலி பற்றி நானே கேட்டேன்.

"ஐயா, ரெண்டு வெளச்சலா எவனோ வேன் வெச்சு வந்து பச்சக் கொத்தோட உருவீட்டுப் போயர்றானுங்க. இந்த மொளகுலதான் நம்ம சபை விடுதிப் பசங்க சோறு திங்கறாங்க. போன தடவ பருப்புக் கொறச்சோம், தெரியுங்களா?"

"ராசம்மா?"

"அவங்கள ஆரு வேண்டாங்கறது? கேட்டுச் சாவி எங்கடையில இருக்கும். வந்து ஒரு வார்த்த கேட்டாப் போதும், ஆளனுப்பித் தொறந்து உடறேன்."

முழு உண்மையாகவே சொன்னார். ஆனால் திருமறைச் சட்டத்தில் கேட்க வேண்டும் என்று எங்கும் இல்லை. வயலின் ஓரத்தை முற்ற அறுக்காதே. மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே. ஒருமுறை உதிர்த்த கிளையை மறுமுறை தடிகொண்டு அடிக்காதே. எஞ்சியது ஏழைக்கும் அயலார்க்கும் கைம்பெண்ணுக்கும். அவ்வளவே. உரியவர் வந்து எடுப்பார். எவர் கடை வாயிலிலும் நிற்கமாட்டார். அங்கே பேசப்படுவது இரக்கமன்று, உரிமை.

இதை அவரிடமே, இந்த அறையிலேயே, தேன்குப்பியை நடுவில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிறன்று மேடையில் இடியாக இறங்கட்டும் எனச் சேமித்து வைத்தேன். பழக்கம்.

"தூணுக்குச் சொல்லி வெச்சாச்சுங்க. மிச்சத்துக்கு ஆண்டவர் வழிகாட்டுவாரு" என்று கும்பிட்டுப் போனார். ஏலத் தொகை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தொலைபேசி: ஈரோட்டில் பட்டிமன்றம், மாசியில். தலைப்பு கேட்டதும் கொட்டாவி. ஒப்புக்கொண்டேன்.

தை 23, வெள்ளி

முற்பகல் முழுதும் உரைக்குறிப்பு. வெந்நீர், அதிமதுரம், மீண்டும் வெந்நீர்.

அடுக்கு:
– வயலின் ஓரம். (தொடக்கம். தாழ்குரல்.)
– ஆடு மேய்த்த இறைவாக்கினர். உங்கள் விழாவும் வேண்டா, பாட்டும் வேண்டா. அறம் ஆறாகப் பெருகட்டும் என்றவர். (இங்கே குரல் ஏறுதல்.)
– பொன்மோதிரம் அணிந்து வந்தவர்க்கு இருக்கை, கந்தை அணிந்து வந்தவர்க்குத் தரை. அவ்வாறு செய்த திருச்சபையைக் கடிந்த திருமுகம்.
– முதல் திருச்சபையின் பந்தி. கைம்பெண்கள் சிலர் நாள்தோறும் விடுபட்டனர். முறையீடு எழுந்தது. முறையிட்டோரை எவரும் அடக்கவில்லை, பந்தியைத் திருத்தினர். (உச்சம்.)
– முடிவு: பின்னர்.

மாலை ஆயர் இதைப் படித்தார். மெதுவாக. இருமுறை. தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா... ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு... வேலின்னு ஒரு வார்த்த... எங்கியாவது சேத்துக்கிட்டா..."

இவ்வளவு பெரிய அடுக்கில் கம்பிவேலியை எங்கே வைப்பது? கருத்தைச் சொன்னால் கேட்போர் தாமே பொருத்திக்கொள்வர் என்றேன். மேடைநெறி அது என்றேன். தலையசைத்தார். நம்பியதாகத் தெரியவில்லை.

"நீரே உம் மறையுரையில் சொல்லலாமே?"

"சொன்னேனுங்க. குழுவுலயும் சொன்னேன். ஆயரே, நீங்க சபைய மேயுங்க, தோட்டத்த நாங்க பாத்துக்கறோம்னாங்க." சிரிக்க முயன்றார். "நான் பேசுனா யாருக்கும் ஏறாதுங்க ஐயா. அதான் உங்களக் கூப்பிடச் சொன்னதே நான்தான்."

இது எனக்குப் புதிது. குழு அழைத்தது என்றே எண்ணியிருந்தேன்.

பிறகு அவரே தொடர்ந்தார், தரையைப் பார்த்தபடி: "அந்த வயக்காரரு கத இருக்குதுங்களே... அயலூர்ல இருந்து வந்த கைம்பொண்ணு கதிர் பொறுக்க வருவா. அவரு ஆளுககிட்டச் சொல்லுவாரு, அந்தப் பொண்ணுக்குன்னு வேணும்னே கொஞ்சம் சிந்தீட்டுப் போங்க, ஒண்ணும் கேக்காதீங்கன்னு. வேதத்துலயே எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் அதுதாங்க."

அழகிய இடந்தான். ஆனால் சிறு நிகழ்ச்சி, மேடையில் நிற்காது. விட்டுவிட்டேன்.

தை 24, காரி

கோவில் முற்றம் சந்தையாகிவிட்டது. வாழைத்தார், அன்னாசி, பலா, சாமை மூட்டை, காலில் கயிறு கட்டிய சேவல். விடுதிப் பிள்ளைகள் தென்னங்குருத்தில் தோரணம் பின்னுகின்றனர். ஒருத்தி என் குரலை நடித்துக் காட்ட மற்றவர் உருண்டு சிரிப்பு. என்னைக் கண்டதும் பேரமைதி. நான் அவ்வளவு அச்சமூட்டுபவனா?

சாகுல் பாய் வந்துவிட்டார். அடிவாரத்து மிளகு வணிகர். ஒவ்வோர் ஆண்டும் ஏலத்துக்கு அழைக்கிறார்களாம். ராசம்மா பொறுக்கும் மிளகும் அவரிடமே போகிறது. "நான் எடுக்கலீன்னா இவிங்க வெல ஏறாதுங்க ஐயா. ஒரு சேவலுக்கு ஆட்டு வெல குடுத்துட்டு ஊட்டுக்குப் போனா எங்கூட்டுல சோறு கெடைக்காது" என்று சிரித்தார்.

பேச்சில்லாமல் ஒரு நாள். இனிது.

தை 25, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆயினும் எழுதிவிட வேண்டும்.

உரை: குரல் வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. எப்போதும் வருவதுபோல் வந்தது. ஓரத்தில் தொடங்கி ஆற்றில் ஏறிப் பந்தியில் உச்சம். முன்வரிசைப் பெண்கள் கண் துடைத்தனர். தங்கதுரை விம்மினார், மெய்யாகவே விம்மினார். "ஏழையின் பங்கை மதிலுக்குள் வைத்துப் பூட்டும் அரண்மனைகளே" என்று நான் கையை உயர்த்தியபோது கூரை அதிரக் கைதட்டல். கோவிலுள் கைதட்டும் வழக்கம் இங்கு இல்லையாம். ஆயர் மட்டும் தட்டவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் இன்னும் ஒரு சொல் சொல்வேன் என்று காத்திருப்பவர்போல் என்னையே பார்த்திருந்தார்.

வாயிலில் காதில் விழுந்தவை:

"என்னா தமிழு! பாதி புரியல, ஆனா ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு."

"வெளியூர் எஸ்டேட்டுக்காரனுகளுக்கு நல்லாக் குடுத்தாரு."

"அட, கவுருமெண்டத்தான் சொல்றாரு. அரண்மனைன்னாரே, கேக்கலயா?"

அப்போதே உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை. வென்றுவிட்டேன் என்ற களிப்பு. அந்தக் களிப்போடு ஏலத்தில் இறங்கினேன்.

பலா போயிற்று, சேவல் போயிற்று. பிறகு என் கையில் ஒரு முறம் கொடுக்கப்பட்டது. அதில் காய்ந்த மிளகு, சிறு குவியல். ராசம்மாவின் படையல். அவர் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. நான் முழங்கினேன்: இது பறித்த மிளகன்று, மண்ணிலிருந்து மீட்ட மிளகு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குனிவு, இதற்கு விலை சொல்லும் நெஞ்சு இங்கே எவருக்குண்டு? சாகுல் பாயும் தங்கதுரையும் மாறி மாறி ஏற்றினர். கூட்டம் ஆர்ப்பரித்தது. பாய் எடுத்தார். சேவலையும் பலாவையும் சேர்த்தாலும் எட்டாத விலை.

ஒலிவாங்கியை என் கையிலிருந்து தங்கதுரை வாங்கினார். குரல் தழுதழுத்தது.

"ஐயா பேசுனதக் கேட்டு நம்ம சபை இன்னிக்கு நெஞ்சத் தொறந்து குடுத்துருக்குது. இதுவரைக்கும் எந்தப் பண்டிகையிலயும் இப்படிச் சேந்ததில்ல. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! வேலிக்குக் கொறஞ்ச பணம் முழுசும் சேந்துருச்சு. செவ்வாக்கெழம தூணு வந்துரும்."

கைதட்டல். உரைக்குத் தட்டிய அதே கைகள், அதே ஓசை.

பாய் என்னருகே வந்தார், முறத்தைக் கையில் பிடித்தபடி. "ஐயா, எனக்கு வெளங்கலீங்க. எனக்கு மொளகு கொண்டாரவங்கள வெளிய நிறுத்தறதுக்கு எங்கிட்டயே காசு வாங்கிக் குடுத்துட்டீங்களே?" சினமில்லை. பெரிதாகச் சிரித்தார். "எங்க பள்ளிவாசலுக்கும் ஒரு நாளைக்கு வாங்க. செவுரு ஒண்ணு பாக்கி இருக்குது."

வேப்பமரத்தடியில் ராசம்மா இல்லை.

தை 26, திங்கள்

குரல் அறவே இல்லை. காற்று மட்டும்.

செம்மேடு, இரும்புக்கடை. தங்கதுரை எழுந்து நின்று இருக்கையைத் துடைத்துக் கொடுத்தார். என் வாயருகே காதை வைத்துக் கேட்டார். நான் நேற்றுச் சொன்னது இந்த வேலியைத்தான் என்றேன்.

அவர் முகம் போன போக்கு. உண்மையிலேயே நொந்தார்.

"ஐயா, நீங்க சொன்னதத்தானுங்களே நாங்க செய்யறோம். ஏழப் பசங்க சோத்தத் திருடங்கிட்ட இருந்து காக்கத்தானே வேலி?"

"அண்ணா, ரெண்டரை இஞ்சு ஆணி அரக்கிலோ." வாங்க வந்த ஒருவர்.

"குடுடா அவருக்கு. ஐயா, ராசம்மாக்கா வந்து கேக்கட்டும்னுதானே சொல்றேன்? சபை அவங்களுக்குத் தாயி மாதிரி. தாயிகிட்டக் கேக்க என்னங்க கூச்சம்?"

"அவர் கணவர் உங்கள் மரத்திலிருந்து விழுந்தவர்."

"ஆசுபத்திரிக்குச் சபைதானுங்களே கொண்டுபோச்சு."

"அண்ணா, கீலு இருக்குதா, கதவுக் கீலு?"

என்னால் இயன்றவரை ஊதினேன். பாதி அவர் காதில் விழவில்லை. விழுந்த பாதிக்கு மறுமொழி இருந்தது, அதுவும் ஓரளவு நேரிய மறுமொழி. விடுதிப் பிள்ளைகளும் ஏழைகள்தாம். பருப்பைக் குறைத்தது பொய்யன்று. ஓர் ஏழையை மற்றோர் ஏழைக்கு எதிரே நிறுத்திவிட்டால் என்போன்றோர் வாய்க்கு அங்கே வேலையில்லை.

"மேடையில பேசறது வேறீங்க ஐயா, நடப்பு வேறீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தேன் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்.

திரும்பும் வழியில் ராசம்மா, தலையில் விறகுச்சுமை. ஒதுங்கி நின்றேன். அவரே பேசினார்.

"நல்லாப் பேசுனீங்க சாமி. நானும் அழுதேனுங்க. யாருக்குன்னுதான் தெரியல."

"சாவி கேட்பீர்களா அம்மா?"

"கடையில போயி, நாலு பேரு ஆணி வாங்கற எடத்துல நின்னு, மொளகு பொறுக்கோணும் கதவத் தொறங்கன்னுங்களா?" சுமையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டார். "ஒரு நாளைக்குக் கேக்கலாம். ரெண்டு நாளைக்குக் கேக்கலாம். மூணாவது நாளு எனக்கே பிச்சைன்னு தோணிருமுங்க. அதுக்குக் கூலிக்குக் கீழ எறங்கீருவேன். எங்கூட்டுக்காரரத் தனியா உட்டுட்டுத்தான் போகோணும்."

சரியவிருந்த சுமையை நேராக்கிக் கொடுத்தேன்.  

தை 27, செவ்வாய்

சரக்குந்தில் கல்தூண்கள் இறங்கின. சாலையோரம் அடுக்கிய அடுக்கு. கொத்தனார் இருவர் மாலையில் எல்லையைப் பார்த்து, முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டிச் சென்றனர். தங்கதுரை நாளைக் காலை சேலம் போகிறார், கம்பி எடுக்க. பிற்பகல்தான் வருவாராம்.

வேலித் தொடக்கவிழாவுக்கு நான் வாழ்த்துரை வழங்க வேண்டும் என்று கேட்டுச் சென்றார். தொண்டையைச் சுட்டினேன். "ரெண்டே வார்த்த போதுங்க ஐயா."

ஈரோட்டுக்காரர்க்கு இயலாது என்று செய்தி அனுப்பினேன். ஏனோ இலேசாக இருந்தது.

வெந்நீர். காலுறை இன்னும் வாங்கவில்லை.

தை 28, அறிவன்

விடியலில் விழிப்பு. சாளரத்தருகே நின்றேன். அடர்பனி. தோட்ட ஓரத்தில் ஒருவர் குனிவதும் நிமிர்வதும். திருடனோ என்று நினைத்தேன். கழுத்தில் ஆயரின் சாம்பல்நிறத் துண்டு.

கம்பளியோடு இறங்கிப் போனேன். எல்லை முளைகளைப் பிடுங்கி, இரண்டு வரிசை மரம் உள்ளே தள்ளி அடித்துக்கொண்டிருந்தார். கயிற்றின் ஒரு முனை கையில். மறுமுனை பிடிக்க ஆளில்லாமல் ஒரு மரத்தில் சுற்றி வைத்திருந்தார். அது நழுவி நழுவி விழுந்தது. என்னைக் கண்டதும் கையிலிருந்த கல்லை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பள்ளிப்பிள்ளைபோல.

"என்ன இது?" என்றேன். குரல் சிறிது திரும்பியிருந்தது, கரகரவென்று வந்தது.

"மெதுவாப் பேசுங்க ஐயா! உங்க சத்தம் ஊருக்கே கேக்கும்."

வாழ்நாளில் என்னை ஒருவர் வாயடக்கச் சொல்லி, நான் உடனே அடங்கியது இதுவே முதன்முறை.

மறுமுனையை எடுத்துப் பிடித்தேன். அவர் முளை அடித்தார். அடுத்த மரம். மறுபடி. புல்லெல்லாம் பனிநீர், கால் விறைத்தது. சாலை நெடுகிலும் உள்ள இரண்டு வரிசை மரங்கள் கயிற்றுக்கு வெளியே வந்தன. ஒருமுறை மட்டும் என்னருகே வந்து காதோடு சொன்னார்: "இது திருட்டாகுமுங்களா ஐயா? உள்ள இருக்கறது பத்திரமாத்தான இருக்கும், பசங்களுக்கு?" தலையசைத்தேன். 'ஆகாது' என்றா, 'இருக்கும்' என்றா, எதற்கு அசைத்தேன் என்பது எனக்கே தெளிவில்லை.

கொத்தனார்கள் எட்டு மணிக்கு வந்தனர். ஒருவர் நின்று பார்த்தார்.

"நேத்து இங்கயாடா அடிச்சோம்?"

"நேத்துப் பனியில எது தெரிஞ்சுச்சு? கயிறு இருக்கற எடத்துல குழியப் போடு."

பிற்பகல் தங்கதுரை கம்பிச்சுருளோடு வந்து இறங்கியபோது சாலைப்பக்கம் முழுதும் தூண் நட்டுக் கலவை ஊற்றியாயிற்று. நின்றார். தூணைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், இடையிலிருந்த மரங்களைப் பார்த்தார்.

"யாரு இத மாத்துனது?"

கொத்தனார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். ஆயர் என்னருகில் நின்றிருந்தார்.  இந்தக் குழு நினைத்தால் அவரை வேறெங்கோ மாற்றிவிடும். அவர் அறியாதவரல்லர்.

"நான்தானுங்க" என்றார். பின்வாங்கவில்லை. ஒரே மூச்சில் ஒரு முழுச்சொல்.

"நானும்" என்றேன்.

தங்கதுரை என்னையே பார்த்தார். "ஐயா, நீங்க பேசத்தானுங்களே வந்தீங்க?"

"பேசி முடித்தாயிற்று."

 தூணை ஒரு கையால் அசைத்துப் பார்த்தார். கொத்தனார், "இப்பப் புடுங்குனாத் தூணு ஒடஞ்சுருமுங்க, செரிப்படாது" என்றார். விடுதிப் பக்கமிருந்து பிள்ளைகள் மணி ஒலி கேட்டுத் தட்டோடு ஓடினர். அவர்களைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "கேட்டு இனி விடுதிப் பக்கம் வெச்சுக்கலாம். கம்பிய எறக்குங்கடா" என்றார். என்னிடம் விடைபெறாமல் போனார். தேன் பற்றிக் கேட்கவில்லை.

வாழ்த்துரை வேண்டா என்று சற்றுமுன் ஆள்வழிச் செய்தி.

தை 29, வியாழன்

வெயில். நண்பகல் பேருந்து. பெட்டி கட்டியாயிற்று.

ஆயரைக் குழு நாளை மாலை அழைத்திருக்கிறது. "என்னங்க செய்யப் போறாங்க? ரொம்பப் போனா மாத்துவாங்க" என்றார், எனக்குத் தோசை சுட்டுக்கொண்டே. தூங்கியிருக்கமாட்டார் என்பதைக் கண் காட்டியது. நாளைவரை இருக்கிறேன், நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாங்க ஐயா. நீங்க வந்தா நீங்கதான் பேசுவீங்க."

நேரிய சொல். ஏற்றுக்கொண்டேன்.

பேருந்துக்குச் சாலையோரம் நடந்தபோது வேலிக்கு வெளியே இருவர். ராசம்மா ஒரு மரத்தடியில். சற்றுத் தள்ளி, கோலைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, சருகில் உட்கார்ந்த நிலையிலேயே கைக்கெட்டியதைப் பொறுக்கியபடி ஓர் ஆண். கைக்கெட்டியது தீர்ந்ததும் இரு கையையும் ஊன்றி உடலைச் சிறிது நகர்த்திக்கொள்கிறார். பொன்னன். தோட்டச் சரிவில் அவரால் இறங்க முடியாது. சாலையோரம்வரை சந்தைக்குப் போகும் வண்டியில் வந்திருக்கிறார்.

"இவருதாங்க அந்தப் பேசற ஐயா" என்றார் ராசம்மா.

பொன்னன் ஏற இறங்கப் பார்த்தார். "பேசவே காணமே?"

பெட்டியைக் கீழே வைத்தேன். நலமா என்றேன். வேறென்ன கேட்பது?

"இருக்கறேனுங்க." கம்பிக்கு அப்பால், மூன்றாவது வரிசையில் ஒரு பெருமரத்தை மோவாயால் காட்டினார். "நான் உழுந்த மரம் அதுதானுங்க. உள்ளாற போயிருச்சு." மிளகை முறத்தில் போட்டார். "போவட்டும். அதச் சபையே வெச்சுக்கட்டும்."

ராசம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவரும் சிரித்தார்.

பேருந்து வரும் ஒலி மேல் வளைவில் கேட்டது. நான் குந்தி உட்கார்ந்து சருகை விலக்கினேன்.